காயம் ஆறிடுச்சு... கை ஏன் மேலே போக மாட்டேங்குது? - தீக்காயத்துக்குப் பிறகான உடற்பயிற்சி: முழுமையான வழிகாட்டி

கொடியில் துணி காயப்போட கை எவ்வளவு உயரம் போகணும்னு என்றைக்காவது யோசிச்சிருக்கோமா? தலை வாருவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பது, சாதத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோவது, சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவது... இதையெல்லாம் நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. தீக்காயத்திலிருந்து பிழைத்து வந்த பலருக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் போராட்டம்.

பல வீடுகளில் நடப்பது இதுதான். கழுத்திலும் அக்குளிலும் காயத்தோடு ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார் மகள். 'கையை நீட்டி வைம்மா'ன்னு பிசியோதெரபிஸ்ட் சொல்லி அனுப்பியிருப்பார். வலிக்கும். 'பாவம், புள்ளையைப் போட்டுப் படுத்தாதீங்க. புண்ணு ஆறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்'னு பாட்டி தடுப்பார். தலைக்கு ரெண்டு தலையணை, கையை மடக்கி வயிற்று மேல் வைத்துத் தூக்கம். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புண் ஆறியிருக்கும். ஆனால் கை தோளுக்கு மேலே போகாது, கழுத்தை நிமிர்த்த முடியாது. அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் சுமார் 1,80,000 பேர் தீக்காயத்தால் இறக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் 10 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு மிதமான அல்லது கடுமையான தீக்காயம் ஏற்படுகிறது. பிழைத்தவர்களின் அடுத்த இரண்டு வருடம் எப்படிப் போகிறது என்பதை மருந்தும் ஆபரேஷனும் மட்டும் முடிவு செய்வதில்லை. தினமும் செய்யும் பயிற்சிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஏன், எப்போது, எப்படி, எதுவரைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தோல் ஏன் சுருங்குகிறது?

மேல்தோல் மட்டும் சிவந்து எரியும் லேசான காயம் சில நாள்களில் தழும்பு இல்லாமல் ஆறிவிடும். உள்தோல் வரை போன காயம் அப்படியல்ல. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இழுத்த காயங்களிலும், தோல் ஒட்டு வைத்த இடங்களிலும் தடித்த தழும்பு உருவாகும் வாய்ப்பு அதிகம்.

காயத்தை மூடுவதற்காக உடம்பு அந்த இடத்தில் கொலாஜன் என்ற நாரை அள்ளிக் கொட்டுகிறது. அங்கே வரும் சில செல்களுக்குத் தசையைப் போலவே இழுத்துச் சுருங்கும் குணம் உண்டு. காயத்தின் ஓரங்களை இழுத்துச் சேர்ப்பதுதான் அவற்றின் வேலை. காயம் மூடிய பிறகும் அந்த இழுப்பு உடனே நிற்பதில்லை. வெளியே தோல் மூடியிருந்தாலும் உள்ளே தழும்பு பல மாதம் வேலை செய்துகொண்டே இருக்கும். சிவப்பாக, தடிப்பாக, அரிப்போடு இருக்கும் வரை அந்தத் தழும்பு இன்னும் 'உயிரோடு' இருக்கிறது என்று அர்த்தம். அது வெளுத்து, மென்மையாகி அடங்குவதற்குப் பொதுவாக 6 முதல் 18 மாதங்கள், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும்.

அந்த இழுப்பு ஒரு மூட்டின் மேல் விழுந்தால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். இதைத்தான் 'கான்ட்ராக்சர்' என்கிறார்கள். ஆரம்பத்தில் இது தோலில் மட்டும் இருக்கும். கவனிக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் தசை, தசைநார், மூட்டைச் சுற்றியுள்ள உறை என எல்லாமே குறுகிவிடும். தழும்பு இளசாக இருக்கும்போது நீட்டினால் வளைந்து கொடுக்கும். முற்றிய பிறகு அதே பலனுக்குக் கத்திதான் கைகொடுக்கும்.

சுகமாக இருக்கும் நிலைதான் ஆபத்தான நிலை!

தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டுகள் அனைவரும் அறிந்த பாடம் இது. வலி இருக்கும்போது உடம்பு தானாகவே சுருண்டு படுக்கும். கழுத்தைக் குனிந்து, முழங்கையை மடக்கி, இடுப்பையும் முழங்காலையும் மடித்து, பாதம் தொங்கி... அந்த நிலையிலேயே தோல் இறுகிவிடும். அதனால், பயிற்சி செய்யாத நேரத்தில் எப்படிப் படுக்கிறோம் என்பதும் சிகிச்சைதான்.

* கழுத்தின் முன்பக்கம் காயம்: தலையணை வேண்டாம். மருத்துவர் சம்மதித்தால் தோள்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, கழுத்து லேசாகப் பின்னால் சாயும்படி படுக்கலாம்.
* அக்குள்: கையை உடம்போடு ஒட்டி வைக்காமல், பக்கவாட்டில் சுமார் 90 டிகிரி விரித்து, தலையணை அல்லது ஸ்டூல் மேல் வைக்க வேண்டும்.
* முழங்கையின் உள்பக்கம்: நீட்டிய நிலை.
* கை: மணிக்கட்டு லேசாக மேல்நோக்கி, விரல்களின் அடி மூட்டு மடங்கி, விரல்கள் நேராக, கட்டை விரல் விலகி இருக்க வேண்டும். இதைத் தலையணையால் பிடித்து வைக்க முடியாது, ஸ்பிளின்ட் தேவை.
* இடுப்பு, முழங்கால்: நேராக. முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கும் பழக்கத்தைக் கண்டிப்பாக விட வேண்டும்.
* கணுக்கால்: பாதம் தொங்காமல், நிற்கும்போது இருப்பது போல 90 டிகிரி.

இவை பொதுவான விதிகள். காயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் 'எப்படிப் படுக்கணும், செஞ்சு காட்டுங்க'ன்னு கேட்டு, செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் அது உதவும்.

எப்போது ஆரம்பிக்கணும்?

'எல்லாம் ஆறட்டும்' என்பதுதான் இதில் பெரிய தவறு. உடல்நிலை நிலைப்பட்டவுடன், பெரும்பாலும் அட்மிட் ஆன முதல் சில நாள்களிலேயே பிசியோதெரபி தொடங்கிவிடும்.

முதல் கட்டம் - வார்டில்: புகையைச் சுவாசித்தவர்களுக்கும் நெஞ்சில் காயம் உள்ளவர்களுக்கும் மூச்சுப் பயிற்சி முதலில் வரும. மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியைப் பலரும் ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக் கூடாது, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, பந்தை மேலே நிறுத்த வேண்டும். இதோடு, காயம் படாத மூட்டுகளை அவரே அசைப்பது, காயம்பட்ட மூட்டுகளை பிசியோதெரபிஸ்ட் துணையோடு அசைப்பது, கட்டிலில் உட்காருவது, நிற்பது, நடப்பது எனப் படிப்படியாகப் போகும். வலி மருந்து கொடுத்து சுமார் அரை மணி நேரம் கழித்துப் பயிற்சியை வைத்துக்கொண்டால் தாங்க முடியும். கட்டு மாற்றும் நேரமும் நல்ல வாய்ப்பு. கட்டு இல்லாதபோது மூட்டு எவ்வளவு அசைகிறது என்று நேரடியாகத் தெரியும்.

இரண்டாம் கட்டம் - தோல் ஒட்டு வைத்த பிறகு: இங்கே மட்டும் ஒரு சின்ன நிறுத்தம். ஒட்டிய தோல் பிடிப்பதற்காக அந்த இடத்தைச் சில நாள்கள், பெரும்பாலும் 3 முதல் 5 நாள்கள் அசைக்க விடமாட்டார்கள். எத்தனை நாள் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த நாள்களில் மற்ற மூட்டுகளுக்கு ஓய்வு கிடையாது. காலில் தோல் ஒட்டு வைத்திருந்தால், முதல் முறை எழுந்து நிற்பதற்கு முன் எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றுவார்கள். நிற்கும்போது ரத்தம் கீழே இறங்கித் தேங்கினால் புதுத் தோல் எழும்பிவிடலாம் என்பதால் இந்த ஏற்பாடு. 'பாத்ரூம் வரைக்கும்தானே' என்று பேண்டேஜ் இல்லாமல் நடக்க வேண்டாம்.

மூன்றாம் கட்டம் - வீட்டில்: காயங்கள் பெரும்பாலும் மூடி, தழும்பு வேகமாக வளரும் காலம் இது. கட்டு இல்லை, நர்ஸ் இல்லை, தினமும் வந்து கேட்க ஆள் இல்லை. பலரும் பயிற்சியைக் கைவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அதிகம் தேவைப்படுவதும் இப்போதுதான்.

வீட்டில் தினமும் என்ன செய்யலாம்?

கீழே இருப்பவை பொதுவாகச் சொல்லித் தரப்படும் பயிற்சிகள். உங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்து ஓகே சொன்ன பிறகு செய்யுங்கள்.

முதலில் எண்ணெய்: முழுமையாக ஆறிய தழும்பில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்காது. வறண்ட தழும்பை நீட்டினால் வெடிக்கும். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ சுத்தமான தேங்காய் எண்ணெயோ தடவி, விரலால் மெதுவாக அழுத்தி வட்டமாகத் தேய்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். திறந்த புண் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

நீட்டும் விதம்: வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெதுவாக நீட்டி, தழும்பு வெளிறி இறுகும் இடம் வரை போய், அங்கேயே சுமார் 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை நிறுத்த வேண்டும். இழுக்கிற உணர்வு இருக்கலாம். உயிர் போகிற வலி இருக்கக் கூடாது. காலையில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, பத்துப் பத்து நிமிடமாக நாலைந்து முறை செய்வது நல்லது. தழும்பு இரவெல்லாம் இறுகுவதால் காலையில் கை, கால் விறைப்பாக இருக்கும். 'நேத்து நல்லா இருந்துச்சே, இன்னிக்கு மறுபடியும் மொதல்ல இருந்தா?' என்ற சலிப்பு எல்லோருக்கும் வரும். இதில் அது சகஜம்தான்.

கழுத்து: உட்கார்ந்தபடி கூரையைப் பார்ப்பது, வாயை மூடிக்கொண்டு தாடையை மேலே தூக்குவது, தோள் பக்கம் திரும்பிப் பார்ப்பது.

முகம், வாய்: வாய் ஓரம் காயம்பட்டவர்களுக்கு வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். வாயை அகலத் திறப்பது, 'ஆ... ஈ... ஊ...' என்று மிகைப்படுத்திச் சொல்வது, கன்னத்தை ஊதுவது, கண்ணை இறுக மூடித் திறப்பது. கண்ணாடி முன்னால் செய்தால் நல்லது. கண்ணாடி பார்க்க மனசு வரவில்லை என்றால் கண்ணாடி இல்லாமலே செய்யலாம்.

தோள்: சுவர் பக்கம் நின்று விரல்களால் மேலே ஏறுவது. இன்று எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தக் கோட்டைப் பார்க்கும்போது முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். துணி காயப்போடுவது, மேல் தட்டில் டப்பா வைப்பது எல்லாமே தோளுக்குப் பயிற்சிதான்.

கை விரல்கள்: விரல்களை விரிப்பது, கட்டை விரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது, மென்மையான பந்தையோ சப்பாத்தி மாவையோ பிசைவது, பட்டன் போடுவது, காய்ந்த பயறு பொறுக்குவது. ஒரு எச்சரிக்கை: புறங்கையில் ஆழமான காயம் இருந்தால், விரலை நீட்டும் தசைநார் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது எல்லா விரலையும் ஒன்றாக இறுக்கி முஷ்டி பிடித்தால் அந்த நார் அறுந்துபோகக்கூடும். டாக்டர் அனுமதிக்கும் வரை முழு முஷ்டி வேண்டாம்.

முழங்கால், கணுக்கால்: குதிகாலுக்கு அடியில் துண்டு வைத்து முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்துவது, துண்டைப் பாதத்தில் மாட்டி தன் பக்கம் இழுப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து எழுவது.

சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது போன்றவற்றை அவர்களையே செய்ய விடுங்கள். ஊட்டிவிடும் கை அன்பான கைதான். ஆனால் அது அவருடைய முழங்கைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

நீட்டினால் மட்டும் போதுமா? தசை என்னவாகும்?

பெரிய தீக்காயம் தோலோடு நிற்பதில்லை. உடம்பின் மொத்தத் தோலில் 40 சதவிகிதத்துக்கு மேல் பாதிக்கப்பட்டால், சும்மா படுத்திருக்கும்போதே உடம்பு செலவிடும் சக்தி கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடக்கூடும். அந்த எரிபொருளுக்காகத் தன் தசையையே கரைக்க ஆரம்பிக்கிறது உடம்பு. படுக்கையில் கிடப்பதால் இன்னும் கரையும். காயம் ஆறிய பிறகும் ஒரு வருடத்துக்கு மேல்கூட இந்த நிலை தொடரலாம். 'புண்ணெல்லாம் ஆறிடுச்சு, ஆனா ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது'ன்னு சொல்வது சோம்பேறித்தனம் அல்ல என்று வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிய வேண்டும்.

இதற்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர்கள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் உள்ள ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள். 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் தீக்காயம் அடைந்த பிள்ளைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கும் வழக்கமான தெரபி உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும், காயம்பட்டு ஆறு மாதம் ஆன பிறகு, 12 வாரங்கள் எடை தூக்கும் பயிற்சியும் டிரெட்மில் போன்ற பயிற்சிகளும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2001-ல் வெளியான முடிவுகளில், பயிற்சி செய்த பிள்ளைகளுக்குத் தசை வலிமையும், கொழுப்பில்லாத உடல் எடையும், தாக்குப்பிடிக்கும் திறனும் மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தன. அதன் பிறகு பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின.

நம் வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? ஜிம் வேண்டாம். டாக்டர் அனுமதி கிடைத்ததும், முதலில் நடை. தெரு முனை வரை, பிறகு இரண்டு தெரு, பிறகு 20 - 30 நிமிடம். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். பெரிய காயக்காரர்களுக்குக் கொடுக்கப்படும் ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரை நாடித்துடிப்பைக் குறைத்தே காட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், வலிமைப் பயிற்சி: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, எலாஸ்டிக் பட்டையை இழுப்பது. பத்து முறை சுலபமாக முடிகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம்.

வெயில் - தனிக் கவனம் தேவை

ஒட்டு வைத்த தோலில் வியர்வைச் சுரப்பிகள் திரும்ப உருவாவதில்லை. வியர்க்கவில்லை என்றால் உடம்பு சூட்டை வெளியே தள்ளும் வழி குறைகிறது. பெரிய பரப்பில் ஒட்டு வைத்தவர்கள் நம்ம ஊர் மே மாத வெயிலில் நடந்தால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் உடம்பு கொதித்துவிடும். மீதமுள்ள நல்ல தோல் அதிகமாக வியர்த்துக்கொட்டும்.

அதனால், நடைக்கு விடியற்காலை அல்லது பொழுது சாய்ந்த நேரம். வீட்டுக்குள் செய்தால் ஃபேன் பக்கத்தில். முன்னாலும் பின்னாலும் தண்ணீர். தலை சுற்றல், குமட்டல், தலைவலி வந்தால் உடனே நிறுத்தி, நிழலுக்கு வந்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதைக் காரணம் காட்டிப் பயிற்சியையே விட்டுவிடத் தேவையில்லை. நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் போதும். புதுத் தோல் வெயிலில் சீக்கிரம் கறுத்துப்போகும் என்பதால் முழுக்கைப் பருத்திச் சட்டை, குடை, சன்ஸ்கிரீன் ஆகியவற்றையும் பழக்கமாக்குங்கள்.

பத்தியம் வேண்டாம்... புரதம் வேண்டும்!

'முட்டை சாப்பிட்டா சீழ் பிடிக்கும்', 'மீன் சாப்பிட்டா புண் ஆறாது', 'கஞ்சி மட்டும் குடு'... தீக்காயக்காரர் இருக்கும் வீட்டில் இந்த அறிவுரைகளுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் தோலும் தசையும் கட்டப்படுவது புரதத்தால். பெரிய காயம் உள்ள பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1.5 முதல் 2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடை என்றால் 75 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. கஞ்சியால் இந்தக் கணக்கு எட்டாது. முட்டை, மீன், கோழி, பால், தயிர், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை என்று நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு உணவு உண்மையிலேயே அலர்ஜி என்றால் மட்டும் அதை விடலாம். சிறுநீரகப் பிரச்னையோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யவும்.

பிரஷர் கார்மென்ட், ஸ்பிளின்ட் - பயிற்சியின் கூட்டாளிகள்

தழும்பு தடிக்காமல் இருக்க, உடம்பின் அளவெடுத்துத் தைக்கப்படும் இறுக்கமான உடைதான் பிரஷர் கார்மென்ட். குளிக்கும், எண்ணெய் தடவும் நேரம் தவிர, நாளில் சுமார் 23 மணி நேரம் போடச் சொல்வார்கள். பல மாதங்கள், ஒரு வருடத்துக்கு மேலும் தேவைப்படலாம். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் இது பெரிய சோதனை. இரண்டு செட் தைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போடுவதுதான் நடைமுறை வழி. தளர்ந்துபோன உடையால் பலன் இல்லை. அவ்வப்போது அளவைச் சரிபார்க்க வேண்டும். விரல் நுனி நீலமானாலோ மரத்துப்போனாலோ கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்பிளின்ட் என்பது, பகலில் பயிற்சியால் கிடைத்த நீளத்தை இரவில் இழக்காமல் காக்கும் பூட்டு. 'தூங்க முடியல'ன்னு கழற்றி வைத்தால் மறுநாள் காலை மறுபடி பழைய இடம்தான். எங்கேயாவது அழுத்திப் புண்ணாகிறது என்றால் தூக்கிப் போடாமல், எடுத்துப்போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

குழந்தைகள் என்றால் கூடுதல் கவனம்

குழந்தை வளரும். தழும்பு அதே வேகத்தில் வளராது. ஐந்து வயதில் சரியாக நீண்ட கை, பத்து வயதில் நீளாமல் போகலாம். அதனால் வளர்ச்சி முடியும் வரை அவ்வப்போது பரிசோதனை தேவை. 2004 ஜூலை 16 அன்று நடந்த கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அன்று தீக்காயத்தோடு பிழைத்த பிள்ளைகளும் இருந்தார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகுதான் நீண்ட பயணமே தொடங்குகிறது.

குழந்தையிடம் '30 விநாடி நீட்டு' என்றால் கேட்காது. பலூனை மேலே தட்டு, நொண்டி விளையாடு, சைக்கிள் ஓட்டு, சுவரில் உயரமாக ஸ்டிக்கர் ஒட்டு என்று விளையாட்டாக்க வேண்டும். பள்ளிக்குச் சீக்கிரம் அனுப்புவதும் சிகிச்சையின் பகுதியே. அதற்கு முன் வகுப்பு ஆசிரியரிடம் ஒருமுறை பேசி, இது தொற்றாது, அழுத்த உடை ஏன் போட்டிருக்கிறான் என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

எப்போது நிறுத்தி டாக்டரைப் பார்க்கணும்?

* ஒட்டு வைத்த இடத்தில் புதிதாக ரத்தம், நீர் கசிவு, துர்நாற்றம், காய்ச்சல்.
* தழும்பு வெடித்துப் புண்ணானால். சின்ன வெடிப்பு என்றால் பயிற்சியை முழுதாக விடாமல், கட்டு போட்டு எப்படித் தொடர்வது என்று கேளுங்கள்.
* இதுவரை நன்றாக மடங்கிய முழங்கை திடீரென வலியோடு இறுகினால். பெரிய தீக்காயத்துக்குப் பிறகு சிலருக்கு மூட்டைச் சுற்றித் தேவையில்லாத எலும்பு வளரும். அந்த நேரத்தில் பலவந்தமாக இழுத்தால் கெடுதல். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.
* நெஞ்சு வலி, மயக்கம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு.
* பயிற்சி முடிந்து பல மணி நேரமாகியும் குறையாத வலி அல்லது வீக்கம். அப்படியென்றால் அளவு அதிகமாகிவிட்டது.

மனசுக்கும் பயிற்சி தேவை

கண்ணை மூடினால் நெருப்பு வருவது, கோபம், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருப்பது, 'எதுக்குப் பிழைச்சேன்' என்ற எண்ணம்... இவை தீக்காயத்துக்குப் பிறகு வரக்கூடியவை. பயிற்சியை மறுப்பவர் அடம்பிடிக்கிறார் என்று மட்டும் நினைக்க வேண்டாம்; மனச்சோர்வாகவும் இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீக்காய வார்டில் இருக்கும் எல்லாக் காயங்களும் அடுப்பிலிருந்து வந்தவையல்ல. காயத்துக்குக் காரணமான வீட்டுக்கே ஒரு பெண் திரும்பிப் போக வேண்டியிருந்தால், அவரிடம் 'தினமும் ஐந்து முறை கையை நீட்டு' என்று சொல்வதில் பயனில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. சென்னையில் பி.சி.வி.சி அமைப்பு, தீக்காயத்திலிருந்து மீளும் பெண்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. ராயப்பேட்டையில் தொடங்கப்பட்ட ரைட்டர்ஸ் கஃபேயில் அப்படி மீண்ட பெண்கள் சமையல் கலை பழகி வேலைக்குச் சேர்ந்தார்கள். மறுபடி அடுப்பு முன்னால் நிற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

எங்கே, எவ்வளவு செலவு?

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி, பிசியோதெரபி பிரிவுகளை அணுகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தீக்காய சிகிச்சைக்கும் இடம் உண்டு. எது எது அடங்கும் என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு தினமும் பஸ் ஏறி வர முடியாதவர்கள்தான் நிறைய. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் சேவை உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 104 என்ற எண்ணிலும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களை மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மற்ற தீக்காயங்களாலும் கை, கால் இயக்கம் நிரந்தரமாகக் குறைந்திருந்தால், இயக்கக் குறைபாட்டுக்கான மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

எதுவரைக்கும் செய்யணும்?

தழும்பு அடங்கும் வரை. அதாவது, சிவப்பு மறைந்து, தடிப்பு குறைந்து, காலையில் எழுந்ததும் விறைப்பு இல்லாமல் போகும் வரை. ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம். நாள்கணக்கில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அதனால் நாளைக் கணக்கிடாமல் வேலையைக் கணக்கிடுங்கள். இந்த வாரம் டம்ளரைப் பிடித்தோம், அடுத்த வாரம் சட்டை பட்டன், அதற்கடுத்து தலை வாருவது.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இரண்டு. வலிக்குதே என்று பரிதாபப்பட்டுப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். வலிக்கட்டும் என்று வெடுக்கென இழுக்கவும் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 30 வரைக்கும் எண்ணுங்கள். சுவரில் பென்சில் கோடு போட ஒரு ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆளாக இருங்கள்.